ஸ்காட்லாந்து வரும் நெல்லைக் குடும்பங்களுக்கு: பிள்ளைகளின் பல் சங்கதி

பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், தென்காசிப் பக்கமிருந்து சின்னப் பிள்ளைகளோடு ஸ்காட்லாந்து வருகிறவர்கள், வீடு, வங்கிக் கணக்கு, ஜிபி (குடும்ப டாக்டர்) என்று அலையும் நாட்களிலேயே பல் டாக்டரிடமும் பிள்ளையின் பெயரைப் பதிந்துவிடுங்கள். ஜிபியிடம் பதிந்ததே பல்லுக்கும் சேர்த்துத்தான் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். இரண்டும் வேறு. பல் வலிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம், முதல் பல் முளைத்ததுமே கூட்டிப் போகலாம். 26 வயது நிரம்பும்வரை என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையில் பல் சிகிச்சைக்குக் காசு கிடையாது. இடம் கிடைப்பதுதான் பாடு, நாலைந்து கிளினிக்குக்காவது போன் போட வேண்டிவரும்.

நர்சரியில் சேர்த்ததும் சைல்ட்ஸ்மைல் என்ற திட்டத்துக்கான சம்மதப் படிவம் வரும். தினமும் ஒருவேளை, ஊழியர்கள் பார்த்துக்கொள்ள, பிள்ளைகள் அங்கேயே பல் தேய்ப்பார்கள். தயங்காமல் கையெழுத்துப் போடுங்கள். "ஒரு பிள்ளை பிரஷ்ஷ இன்னொரு பிள்ளை வாயில வச்சிராதா?" என்று வீடியோ காலில் ஆச்சி பதறுவார்கள். ஒவ்வொரு பிரஷ்ஷிலும் அந்தந்தப் பிள்ளைக்கான அடையாளம் இருக்கும். தாங்கியில் தனித்தனி ஓட்டைகளில், ஒன்றையொன்று தொடாமல் நிற்கும். பல இடங்களில் வாஷ்பேசினுக்குக்கூடப் போவதில்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்தபடியே தேய்த்து, நுரையை டிஷ்யூவில் துப்பிவிடுவார்கள். வாய் கொப்பளிப்பது கிடையாது.

நமக்கு உறுத்துவது இதுதான். தாமிரபரணியில் முங்கிக் குளித்து வளர்ந்தவர்களுக்கு நாலு மடக்குத் தண்ணீரால் கொப்பளித்தால்தான் பல் தேய்த்த மாதிரி இருக்கும். ஆனால் கொப்பளித்தால் பல்லைக் காக்கிற ஃப்ளூரைடும் கூடவே போய்விடும். துப்பினால் போதும், வீட்டிலும் அப்படியே பழக்குங்கள். ஊரிலிருந்து பல்பொடி கட்டிக்கொண்டு வர வேண்டாம். ஆலும் வேலும் பல்லுக்குறுதிதான், ஃப்ளூரைடு அதில் இல்லையே. பேஸ்ட் டியூபில் ஃப்ளூரைடு அளவு 1000 பிபிஎம்முக்குக் (ppm) குறையாமல் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மூன்று வயதுக்குள் லேசான பூச்சு, அதற்குமேல் பட்டாணியளவு.

ராத்திரித் தேய்ப்பு மட்டும் முழுக்க வீட்டார் பொறுப்பு. என்னைக் கேட்டால் பள்ளியில் தேய்ப்பதைவிட இதுதான் முக்கியம். உறக்கத்தில் எச்சில் குறைவாகச் சுரக்கும், பல்லில் ஒட்டியது அப்படியே கிடக்கும். இனிப்புப் பால் பாட்டிலை வாயில் வைத்தபடி உறங்கவிடுவது நம் வீடுகளில் சகஜம். "நாங்க சீனியா போடுதோம், கருப்பட்டில்லா!" என்பார்கள். உடன்குடிக் கருப்பட்டியே ஆனாலும் பல்லைப் பொறுத்தவரை அதுவும் சர்க்கரைதான். ஒரு வயதானதும் பாட்டிலை விட்டுக் கப்புக்கு மாற்றுங்கள். ஊரிலிருந்து வரும் அல்வாவுக்குத் தடையில்லை, மத்தியானச் சாப்பாட்டோடு கொடுத்து முடித்துவிடுங்கள். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளிக் கிள்ளிக் கொடுப்பதுதான் கெடுதல். ராத்திரி தேய்த்தபின் தண்ணீர் மட்டும்.

"பால் பல்லுதான, விழுந்து முளைக்கும்லா" என்று விட்டுவிடாதீர்கள். சுமார் ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அது நிலைப்பல், போனால் மறுபடி வராது. பிரஷ்ஷைக் குறுக்காகத் திருப்பி நீங்களே தேய்த்துவிடுங்கள். ஏழு வயதுவரையாவது பெரியவர் கை பட வேண்டும்.

பிரைமரி ஒன்றாம் வகுப்பில் பள்ளிக்கே வந்து பல் பார்ப்பார்கள், பிறகு வீட்டுக்குக் கடிதம் வரும். அந்தப் பரிசோதனையில் சிகிச்சை எதுவும் கிடையாது. டாக்டரிடம் உடனே காட்டச் சொல்லியிருந்தால் அன்றைக்கே கிளினிக்குக்கு போன் போட்டு நேரம் வாங்குங்கள். போகும்போது கடிதத்தையும் எடுத்துப் போங்கள்.