‘இல்லை’ என்று நிரல் சொன்னால் உடனே நம்பாதீர்கள்: பைத்தான் பட்டியலில் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காசிமேட்டில் விடியுமுன் ஏலம் போன மீன்களின் பெயரையும் விலையையும் ஒரு கோப்பில் சேர்க்கிறீர்கள். ராயபுரத்திலிருந்தோ தண்டையார்பேட்டையிலிருந்தோ வாடிக்கையாளர் கேட்கும் மீன் இன்று வந்திருக்கிறதா என்று ஒரு சின்ன பைத்தான் நிரல் பார்த்துச் சொல்கிறது. அதில் முக்கியமான வரி ஒன்றே ஒன்றுதான்: கேட்ட பெயர் பட்டியலுக்குள் இருக்கிறதா என்று ‘இன்’ கொண்டு கேட்பது.

சிவப்பு எழுத்தில் பிழைச்செய்தி காட்டி நிற்கும் நிரலை நான் மதிக்கிறேன். பட்டியல் தேடலில் அந்த மரியாதை கிடைப்பதில்லை. மீன் பட்டியலில் இருந்தும் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு நிரல் பேசாமல் அடுத்த வேலைக்குப் போய்விடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில் யாருக்கும் சந்தேகம்கூட வராது. மீன் வரத்து குறைவு, அதனால் இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள்.

தமிழில் தேடுபவர்களை அதிகம் அலைக்கழிப்பது கொம்பும் காலும்தான். ‘கொடுவா’ என்ற பெயரில் உள்ள ‘கொ’வை, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யுனிகோட் முறையில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். அல்லது எகரக் கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் சேர்க்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். ‘லென்’ போட்டு எண்ணிப் பாருங்கள்: முதலாவது 6, இரண்டாவது 7. பைத்தானுக்கு இவை வேறு வேறு சொற்கள். ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்த பெயர்களிலும், பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பெயர்களிலும் இந்தப் பிரிந்த வடிவம் வரலாம். ‘கோலா’வுக்கும் இதே கதிதான். ஊர்ப் பெயரை வைத்துத் தேடினால் கொருக்குப்பேட்டை, கொடுங்கையூர், திருவொற்றியூர் எல்லாமே சிக்கும்.

மருந்து எளிது. ‘யுனிகோட்டேட்டா’ தொகுதியில் உள்ள ‘நார்மலைஸ்’ செயற்கூற்றை ‘என்எஃப்சி’ என்ற வடிவத்தைக் குறிப்பிட்டு அழையுங்கள். பட்டியலில் உள்ள பெயரையும் வாடிக்கையாளர் தட்டச்சு செய்த பெயரையும், இரண்டையுமே, அதன் வழியாக அனுப்ப வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செய்துவிட்டு மறுபக்கத்தை விட்டுவிட்டால் சிக்கல் அப்படியே இருக்கும்.

‘வௌவால்’ இதற்கும் அடங்காது. ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பு போட்டு, பக்கத்தில் ‘ள’ எழுத்தையே தட்டச்சு செய்பவர்கள் உண்டு. அது வடிவச் சிக்கல் இல்லை, எழுத்துப்பிழை. ‘நார்மலைஸ்’ அதைத் தொடாது. அப்படியானால் கொம்பும் ளகரமும் சேர்ந்து வரும் இடத்தையெல்லாம் ஔகாரமாக மாற்றிவிடலாமே என்று கை பரபரக்கும். செய்யாதீர்கள். ‘வெள்ளை’ என்ற சொல்லிலும் அதே கொம்பும் ளகரமும் இருக்கின்றன. அது படிக்கவே முடியாத சொல்லாகிவிடும். வௌவால், வவ்வால் என்று வழங்கும் வடிவங்களையும் அந்தப் பிழை வடிவத்தையும் ஒரு பைத்தான் அகராதியில் (‘டிக்ட்’) எழுதி, எல்லாவற்றையும் ஒரே பெயருக்குத் திருப்புவதுதான் பாதுகாப்பு.

கண்ணுக்கே தெரியாத ஒட்டுண்ணிகளும் உண்டு. கோப்பை வரி வரியாகப் படித்தால் ஒவ்வொரு பெயரின் வாலிலும் வரிமுறிப்புக் குறி தொங்கும். அதற்கு ‘ஸ்ட்ரிப்’ போதும். ஆனால் பட்டியலின் முதல் மீன் மட்டும் கிடைக்காமல் மற்றதெல்லாம் கிடைக்கிறதா? எக்செலில் யுடிஎஃப்-8 சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது கோப்பின் தலையில் ஓர் அடையாளக் குறி ஒட்டிக்கொள்கிறது. ‘ஸ்ட்ரிப்’ அதை நீக்காது. கோப்பைத் திறக்கும்போதே குறிமுறையை ‘யுடிஎஃப்-8-சிக்’ என்று கொடுத்துவிட வேண்டும். சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லை ‘ஆஸ்கி’ செயற்கூற்றுக்குள் போட்டு அச்சிடுங்கள். ஒளிந்திருக்கும் குறிகளெல்லாம் எண்களாக வெளியே வந்துவிடும்.

அடுத்தது பாதிப் பொருத்தம். ‘இன்’ என்பது சரத்தோடு, அதாவது எழுத்துத் தொடரோடு, ஒரு விதமாகவும் பட்டியலோடு வேறு விதமாகவும் நடந்துகொள்ளும். ‘பால் சுறா’ என்ற சரத்துக்குள் ‘சுறா’ உண்டு. ‘பால் சுறா’வை மட்டும் உறுப்பாகக் கொண்ட பட்டியலுக்குள் ‘சுறா’ இல்லை, ஏனென்றால் அங்கே முழு உறுப்பும் ஒத்துப்போக வேண்டும். பாதிப் பெயர் போதுமென்றால் ஒவ்வோர் உறுப்பாக எடுத்துத்தான் சோதிக்க வேண்டும். வட்ட அடைப்புக்குறிக்குள் ஒரே பெயரை எழுதி, அதன்பின் காற்புள்ளி போடாமல் விட்டால் கிடைப்பது பல உறுப்புகளை வைக்கும் ‘டியூப்பிள்’ அல்ல, வெறும் சரம். அங்கே ‘சுற’ என்று அரைகுறையாகத் தேடினாலும் ‘உண்டு’ என்ற பதிலே வரும்.

சொல் எல்லையைக் குறிக்க ரெகுலர் எக்ஸ்பிரஷனை, அதாவது வடிவம் கொடுத்துத் தேடும் முறையை, கூப்பிடுபவர்கள் கவனிக்க: பைத்தானோடு வரும் ‘ஆர்ஈ’ தொகுதி தமிழின் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாக எண்ணுவதில்லை. ‘சுறா’வின் இருபுறமும் சொல் எல்லைக் குறி போட்டுத் தேடினால், பட்டியலில் ‘சுறா’ என்றே இருந்தாலும் பொருந்தாது. கடைசிக் கால் அதன் பார்வையில் எழுத்தே அல்ல. பெயரை ‘ஸ்ப்ளிட்’ கொண்டு இடைவெளியில் பிரித்து, அந்தத் துண்டுகளுக்குள் தேடுவது நேர்வழி.

இடம் கேட்பதிலும் ஒரு பள்ளம் உண்டு. ‘இண்டெக்ஸ்’ பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது. அதன் விடையை அப்படியே ‘இஃப்’ நிபந்தனையாக வைத்தால், முதல் இடத்தில் உள்ள மீனுக்குக் கிடைக்கும் பூஜ்யம் ‘பொய்’ ஆகிவிடும். மீன் இல்லாவிட்டாலோ ‘வேல்யூஎரர்’ என்ற பிழைச்செய்தி வரும். ஜாவாஸ்கிரிப்டிலிருந்து வந்தவர்கள் -1 வரும் என்று காத்திருப்பார்கள்; இங்கே பட்டியலுக்கு அது வராது. ஒருவகையில் நல்லதுதான், ஏனென்றால் பைத்தானில் -1 என்பது கடைசி உறுப்பின் முகவரி.

சில தவறுகள் கைப்பழக்கத்தில் வருபவை. இரண்டு பெயருக்கு நடுவே காற்புள்ளியை மறந்தால் ‘வஞ்சிரம்’, ‘சங்கரா’ இரண்டும் சத்தமில்லாமல் ஒரே மீனாகிவிடும். ‘மீன் வஞ்சிரத்துக்குச் சமம் அல்லது சங்கரா’ என்று நிபந்தனை எழுதினால் எந்த மீனுக்கும் அது உண்மையாகவே இருக்கும். ராயபுரத்தின் அஞ்சல் குறியீடு 600013 பட்டியலில் எண்ணாக இருந்து, ‘இன்புட்’ வழியே வந்தது சரமாக இருந்தால் இரண்டும் சேராது.

கிடைத்ததை நீக்கும்போதும் ஒன்று கவனிக்க வேண்டும். ‘ரிமூவ்’ முதலில் கண்ட ஒன்றை மட்டுமே எடுக்கும். ‘ஃபார்’ சுற்று ஓடிக்கொண்டிருக்கும்போதே அதே பட்டியலிலிருந்து எடுத்தால், அடுத்தடுத்து நிற்கும் இரண்டு ‘சுறா’க்களில் இரண்டாவது முன்னால் நகர்ந்து சோதனைக்கே வராமல் தப்பிவிடும். வேண்டாததைப் பிடுங்குவதைவிட, வேண்டியதை மட்டும் வைத்துப் புதிய பட்டியல் ஒன்றை உருவாக்குங்கள். அதற்கு ஒரே வரி போதும்.