காட்பாடியில் கிளம்பி காட்பாடியிலேயே முடியும் டிக்கெட்

வேலூர் காந்தி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் தங்கும் சின்ன லாட்ஜில் 18 வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன். வங்காளம், ஜார்க்கண்ட், அசாம் என்று எங்கெங்கிருந்தோ வருவார்கள். அறையிலேயே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு வாரக்கணக்கில் தங்குவார்கள். அவர்களில் கொல்கத்தாக்காரர் ஒருவர், அறையைக் காலி செய்யும் அன்று என்னிடம் ஒரு டிக்கெட்டைக் காட்டினார். "தீதி (வங்காளியில் அக்கா), இது ஒரே டிக்கெட். ஹவுராவில் ஆரம்பித்து ஹவுராவிலேயே முடியும். நடுவில் விசாகப்பட்டினம், காட்பாடி, மதுரை, மும்பை. இறங்கி இறங்கிப் போகலாம்" என்றார். மனைவியின் வைத்தியம் நல்லபடியாக முடிந்த சந்தோஷத்தில் இருந்தார். மீதி ஊர்களையும் அவருக்குக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவதாகச் சொன்னார்.

அதுவரை எங்கள் வீட்டில் லீவு என்றால் ஒரு ஊருக்குப் போவோம், போன வழியே திரும்பி வருவோம். இல்லையென்றால் வேன் பிடித்து, நாலு கோயிலை ஒரே நாளில் ஓடி ஓடிப் பார்த்துவிட்டு, இடுப்பு வலியோடு வந்து சேருவோம். அந்த டிக்கெட்டைப் பார்த்த பிறகு நானும் என் அக்காவும் வேன் பேச்சையே எடுக்கவில்லை.

இதற்குப் பெயர் சர்க்குலர் ஜர்னி டிக்கெட். கிளம்பும் ஸ்டேஷனும் முடியும் ஸ்டேஷனும் ஒன்றாக இருக்க வேண்டும். வழியில் அதிகபட்சம் 8 இடங்களில் இறங்கித் தங்கலாம். அடுத்த ரயிலுக்காக ஜங்ஷனில் காத்திருப்பது இந்த 8 கணக்கில் சேராது. எல்லா வகுப்புக்கும் உண்டு. மொத்த தூரத்தை இரண்டாக வகுத்து, ஒவ்வொரு பாதியையும் ஒரு நீண்ட பயணமாக வைத்துக் கட்டணம் போடுகிறார்கள். ரயிலில் தூரம் கூடக் கூட ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் காசு குறையும் அல்லவா? அதனால் ஊர் ஊராகத் தனித்தனி டிக்கெட் எடுப்பதைவிட இது நன்றாகவே குறைந்து வரும்.

காட்பாடிக்காரர்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை இருக்கிறது. நம் ஜங்ஷனில் நாலு பக்கமும் தண்டவாளம் போகிறது: கிழக்கே சென்னை, மேற்கே ஜோலார்பேட்டை, வடக்கே பாகாலா வழியாகத் திருப்பதி, தெற்கே வேலூர் கன்டோன்மென்ட், திருவண்ணாமலை வழியாக விழுப்புரம். வடக்கே போய்த் தெற்கிலிருந்து வந்தால், போன பாதையை ஒரு கிலோமீட்டர்கூட மறுபடி தொடாமல் தென்னிந்தியாவையே சுற்றி வந்துவிடலாம்.

நாங்கள் போட்ட வட்டம் இது: காட்பாடி, திருப்பதி, குண்டக்கல், ஹொசபேட்டை, ஹூப்ளி, கோவாவில் மட்காவ், மங்களூரு, ஷொரனூர், எர்ணாகுளம், ஆலப்புழா, திருவனந்தபுரம், நாகர்கோவில், மதுரை, திருச்சி, தஞ்சாவூர், மயிலாடுதுறை, விழுப்புரம், திருவண்ணாமலை, காட்பாடி. 2,600 கிலோமீட்டருக்கு மேல் வரும். டிக்கெட் செல்லுபடியாகும் நாளையும் தூரத்தை வைத்தே கணக்கிடுகிறார்கள்: பயணத்துக்கு 400 கிலோமீட்டருக்கு ஒரு நாள், இறங்கித் தங்க 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். எங்களுக்கு ஏறக்குறைய 20 நாள் கிடைத்தது.

இப்போது டிக்கெட் வாங்கும் முறை. இணையத்தில் தேடாதீர்கள், நேரில்தான் போக வேண்டும். முதலில் ஒரு வெள்ளைத் தாளில் உங்கள் வட்டத்தை எழுதுங்கள். ஊர்ப் பெயர் மட்டும் எழுதினால் போதாது, எந்த ஜங்ஷன் வழியாக என்பதும் வேண்டும். எர்ணாகுளத்திலிருந்து தெற்கே போக ஆலப்புழா வழியும் உண்டு, கோட்டயம் வழியும் உண்டு. திருச்சியிலிருந்து விழுப்புரம் வர விருத்தாசலம் வழி குறுக்கு, தஞ்சாவூர், மயிலாடுதுறை வழி சுற்று. எதில் போகிறீர்கள் என்று நீங்கள் எழுதாவிட்டால் தூரக் கணக்கு தப்பும். கூடவே இறங்கும் இடங்கள், ரயில் எண்கள், தேதிகள், வகுப்பு, போகிறவர்களின் பெயர், வயது எல்லாம் எழுதுங்கள். காட்பாடி ரயில்வேயின் சென்னைக் கோட்டத்தில் வருவதால், விண்ணப்பம் அந்தக் கோட்டத்தின் வணிகப் பிரிவு மேலாளருக்குப் போக வேண்டும். சில பெரிய ஸ்டேஷன்களில் ஸ்டேஷன் மேலாளரே வாங்கிக்கொள்வார், முதலில் அவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் தூரமும் கட்டணமும் கணக்குப் போட்டு ஒரு படிவம் தருவார்கள். அதைக் கிளம்பும் ஸ்டேஷன் கவுண்ட்டரில் கொடுத்தால் டிக்கெட் கிடைக்கும்.

அதோடு வேலை முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். அந்த டிக்கெட்டில் பெர்த் கிடையாது. அதை எடுத்துக்கொண்டு முன்பதிவு கவுண்ட்டருக்குப் போய், ஒவ்வொரு ரயிலுக்கும் தனித்தனியாக இடம் போட வேண்டும். முன்பதிவுக் கட்டணமும், சூப்பர்ஃபாஸ்ட் என்றால் அதற்கான கட்டணமும் அந்தந்த ரயிலுக்குத் தனி. 2024 நவம்பர் முதல் 60 நாள் முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது. ஆகவே கிளம்புவதற்கு 40 நாள் முன்னால் டிக்கெட் கையில் இருந்தால், 20-வது நாள் ஏறும் ரயிலுக்கும் அன்றைக்கே இடம் போட்டுவிடலாம். கோட்ட அலுவலக வேலைக்கு அதற்கும் முன்னால் இரண்டு மூன்று வாரம் ஒதுக்குங்கள். மே மாத லீவுக்குப் போகிறவர்கள் பிப்ரவரியிலேயே தாளும் பேனாவும் எடுத்து உட்கார வேண்டும்.

எங்களுக்கு ஒரு இடத்தில் சிக்கல் வந்தது. ஒரு ரயிலுக்கு வழியில் இடம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருந்தோம். வெளியூரில் ஒரு கவுண்ட்டரில் இருந்தவர் இப்படி ஒரு டிக்கெட்டைப் பார்த்ததே இல்லை. புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது செல்லாது மேடம், புதுசா எடுங்க" என்றார். அக்கா பையைத் திறந்து, கோட்டத்தில் கொடுத்த படிவத்தின் நகலை நீட்டினாள். அவர் உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்து, முக்கால் மணி நேரம் கழித்து இடம் போட்டுக் கொடுத்தார். படிவத்தை இரண்டு நகல் எடுங்கள். இரண்டையும் வேறு வேறு பையில் வையுங்கள்.

எங்கே எத்தனை நாள் என்பது உங்கள் மனசு. நான் விஜயநகரத்தின் பழைய தலைநகரமான ஹம்பிக்கு மூன்று நாள் கொடுப்பேன். வேலூர்க்காரர்கள் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தின் யாளித் தூண்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். 1565-ல் தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு விஜயநகரத்தின் தலைநகரம் பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர் என்று தெற்கே நகர்ந்து வந்தது. நாம் ரயிலில் அந்த வழியைத் திருப்பிப் போகிறோம். பாகாலா தாண்டியதும் சந்திரகிரி ஸ்டேஷன் வரும். திருப்பதியில் இரவு ஹரிப்ரியா எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் ஹொசபேட்டை. அங்கிருந்து டவுன் பஸ்ஸில் 13 கிலோமீட்டர் போய், விட்டலர் கோயில் தூண்களுக்கு முன்னால் நின்றதும் அக்கா சொன்னாள்: "நம்ம கோட்டைக் கோயில் தூணுக்குத் தாய் வீடுடி இது." ஹம்பியில் ஆட்டோ பிடித்து ஒரே நாளில் முடிக்காதீர்கள். வாடகை சைக்கிள் எடுங்கள், துங்கபத்திரையைப் பரிசலில் கடந்து ஆனெகுந்திக்குப் போங்கள்.

ஹூப்ளியிலிருந்து கோவா போகும் பாதையைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். காசில்ராக் தாண்டி மலை இறங்கும்போது தூத்சாகர் அருவி தண்டவாளத்தை ஒட்டியே விழுகிறது. மட்காவிலிருந்து மங்களூரு வரை கொங்கண் ரயில்வே. அதையும் பகலில்தான் பார்க்க வேண்டும். ஹொன்னாவரில் ஷராவதி ஆற்றின் மேல் 2 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாலத்தில் ரயில் போனபோது பெட்டியில் பேச்சே நின்றுவிட்டது. மழைக்காலத்தில் அந்தப் பாதைக்குத் தனி அட்டவணை, ரயில்கள் மெதுவாகப் போகும். ஜூன் முதல் அக்டோபர் வரை போகிறவர்கள் நேரத்தை மறுபடி சரிபாருங்கள்.

வட்டத்துக்கு வெளியே இருக்கும் ஊர்களுக்கு டிக்கெட் செல்லாது. ராமேஸ்வரம் வேண்டுமென்றால் மதுரையிலிருந்து தனி டிக்கெட். கன்னியாகுமரிக்கு நாகர்கோவிலிலிருந்து பஸ். ஆலப்புழாவில் வாடகைப் படகு வீட்டுக்குப் பெரிய பணம் கொடுக்கத் தேவையில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் படகுத்துறையிலிருந்து கோட்டயத்துக்கு அரசுப் படகு போகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் மீன்கூடைக்காரர்களும் ஏறி இறங்கும் அந்தப் படகில் பஸ் டிக்கெட் காசில் காயலைப் பார்த்தோம்.

தங்குவதற்கு முதலில் ஸ்டேஷன் ஓய்வறையைப் பாருங்கள். ரயிலுக்கு இடம் போட்டபோது கிடைத்த பிஎன்ஆர் எண்ணை வைத்து முன்பதிவு செய்யலாம், தனி ஆளுக்கு டார்மிட்டரி போதும். இரண்டு மூன்று மணி நேரம் ஊர் பார்க்க வேண்டுமென்றால் க்ளோக் ரூமில் பையை வையுங்கள். பூட்டு இல்லாத பையை வாங்க மாட்டார்கள், வீட்டிலிருந்தே சின்னப் பூட்டு எடுத்துப் போங்கள். முதல் இரண்டு நாளுக்குப் புளிச்சாதமும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் தாங்கும். வழியில் தெரிந்தவர்கள் வீடு இருந்தால் ஆற்காடு மக்கன் பேடா ஒரு டப்பா.

கடைசிப் பகுதியில் திருவண்ணாமலை, போளூர், ஆரணி ரோடு, கண்ணமங்கலம் என்று பழகின பெயர்ப்பலகைகள் ஒவ்வொன்றாக வரும். டிக்கெட் காட்பாடி வரைக்கும் இருந்தாலும், வீடு வேலூர் டவுனில் என்றால் கன்டோன்மென்ட்டிலேயே இறங்கிவிடுங்கள். ஆட்டோ காசு பாதி மிச்சம்.