கிட்டப்பார்வை ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் கிட்டப்பார்வை தொடர்பான மூன்று ஆய்வுத் திட்டங்கள் கருத்துரைக்காக என்னிடம் வந்தன. எழுதிய மூவரும் இளைஞர்கள், கடும் உழைப்பாளிகள். மூன்றிலும் இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே பிழைகள் ஏறத்தாழ அதே வரிசையில் இருந்தன. ஒப்புதல் படிவம் வாங்க மறப்பது, கருவியைச் சரிபார்க்காமல் விடுவது போன்றவற்றை எந்த வழிகாட்டியும் முதல் வாரத்திலேயே திருத்திவிடுவார் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

சொட்டு மருந்து இடாமல் குழந்தையின் கண்ணை அளப்பது

கிட்டப்பார்வை பெரும்பாலும் கண் நீளவாட்டில் மிகையாக வளர்வதால் வருகிறது. தொலைவிலுள்ள பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்பாகவே குவிந்துவிடுகிறது. ஆனால் இதே விளைவைக் கண்ணுக்குள் இருக்கும் சிலியரித் தசையாலும் தற்காலிகமாக உண்டாக்க முடியும். அது இறுகும்போது லென்ஸ் பருத்து, கண் அருகிலுள்ள பொருளுக்குத் தன்னைப் பொருத்திக்கொள்கிறது. இந்த ஆற்றல் பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு மிக அதிகம். மக்கள் ‘கம்ப்யூட்டர் டெஸ்ட்’ என்று சொல்லும் கருவிக்குள் தெரியும் படம் வெகு தொலைவில் இருப்பது போல அமைக்கப்பட்டிருந்தாலும், முகத்தருகே ஒரு பெட்டி இருப்பதை அறிந்த குழந்தை அதை அருகிலுள்ள பொருளாகவே பார்க்க முயல்கிறது. சைக்ளோபென்டோலேட் போன்ற மருந்தை இட்டு அந்தத் தசையைத் தளர்த்தாவிட்டால், நாம் அளப்பது கண்ணையா தசையின் இறுக்கத்தையா என்று சொல்ல வழியே இல்லை.

என் முதல் பள்ளிக் கணக்கெடுப்பில், மருந்து இட்டால் பிள்ளைகளுக்கு அன்று முழுவதும் புத்தகம் மங்கலாகத் தெரியும், தேர்வு நெருங்குகிறது, எனவே வேண்டாம் என்றார் தலைமையாசிரியர். வாதாட எனக்குத் துணிவில்லை. உண்மையைச் சொன்னால், உள்ளூர எனக்கு அது வசதியாகவும் இருந்தது. மருந்து இட்டபின் அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும், கருமை மிகுந்த கண்களில் அது வேலை செய்ய இன்னும் தாமதமாகும், அதற்குள் பிள்ளைகள் கூடத்தில் ஓடிப்பிடித்து விளையாடத் தொடங்கிவிடுவார்கள். இடாமலே அளந்தோம். இரண்டு ஆண்டுகள் தரவு சேர்த்தபின், ஆய்வேட்டைப் படித்த தேர்வாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதற்குப் பதில் தேட, மிக இளைய பிள்ளைகளில் சிலரை மருந்து இட்டு மீண்டும் அளந்தபோது, நாங்கள் கிட்டப்பார்வை என்று எழுதியவர்களில் பலருக்கு அது இல்லை. சிலருக்குத் தூரப்பார்வை இருந்தது. எங்கள் பரிந்துரையை நம்பி அவர்களுள் சிலர் அதற்குள் மைனஸ் கண்ணாடி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆய்வேடு போனதைவிட அந்தக் கண்ணாடிகள்தாம் இன்றும் என்னை உறுத்துகின்றன.

இதைச் சொன்னால் இளைஞர்கள் உடனே ஒரு மறுமொழி வைத்திருக்கிறார்கள்: எல்லாப் பிள்ளைகளையும் ஒரே கருவியில்தானே அளக்கிறோம், பிழையும் ஒரே அளவுதானே, கடைசியில் கழித்துக்கொள்ளலாமே என்கிறார்கள். இந்த வாதம் எனக்கு எரிச்சலூட்டுவதற்குக் காரணம் உண்டு. பிழை ஒரே அளவாக இருப்பதில்லை. வயது குறையக் குறைய அது கூடுகிறது. தூரப்பார்வை உள்ள கண்ணில் மிக அதிகமாகிறது. வகுப்பில் ஒரு மணி நேரம் எழுதிவிட்டு வந்த பிள்ளையையும் திடலிலிருந்து வந்த பிள்ளையையும் அடுத்தடுத்து அளந்தால், முதல் பிள்ளையின் தசை இன்னும் தளராமல் இருக்கக்கூடும். படிப்பு கிட்டப்பார்வையை உண்டாக்குகிறது என்ற முடிவை ஆய்வாளர் தாமே தயாரித்துவிடுவார். கிட்டப்பார்வை கூடுவதை மெதுவாக்க இடும் அட்ரோபின் சொட்டு மருந்தைச் சோதிக்கும் ஆய்வில் நிலைமை இன்னும் மோசம். அட்ரோபினே அந்தத் தசையைத் தளர்த்தும் மருந்து என்பதால், மருந்து பெற்ற குழுவுக்கு மட்டும் தசை தளர்ந்திருக்க, போலி மருந்து பெற்ற குழுவுக்கு இறுகியிருக்கும். அப்போது கிடைக்கும் வேறுபாட்டில் எவ்வளவு சிகிச்சையின் பயன் என்பதை எந்தப் புள்ளியியலாலும் பிரித்தெடுக்க முடியாது.

பவரை மட்டும் நம்புவது

கண்ணின் நீளத்தையும் அளக்க வேண்டும். தோராயமாக ஒரு மில்லிமீட்டர் நீட்சி இரண்டரை டயாப்டர் (பவரின் அலகு) கிட்டப்பார்வைக்குச் சமம்; ஒளியால் அளக்கும் இன்றைய கருவிகள் கண்ணைத் தொடாமலே நுண்ணிய மாற்றத்தையும் காட்டிவிடும். சிங்கப்பூரில் நடந்து 2012இல் வெளியான ‘ஆட்டம் 2’ ஆய்வில், 0.01 சதவீத அட்ரோபின் பெற்ற பிள்ளைகளின் பவர் மெதுவாகவே கூடியது. ஆனால் கண்ணின் நீளமோ, முந்தைய ஆய்வில் மருந்தே பெறாத குழுவுக்கு ஏறத்தாழ இணையாக வளர்ந்திருந்தது. ‘ஆட்டம் 2’இல் போலி மருந்துக் குழு இல்லாததால் ஒப்பிடவும் சிரமம். போலி மருந்துக் குழுவையும் சேர்த்து ஹாங்காங்கில் நடத்தப்பட்டு 2019இல் முடிவு வெளியான ‘லாம்ப்’ ஆய்வில்தான் சோதித்த மூன்று அளவுகளில் 0.05 சதவீத மருந்தே சிறந்தது என்று தெரிந்தது. இரவில் அணியும் ஆர்த்தோ-கே லென்ஸ்களில் பவரைப் பார்ப்பதில் பொருளே இல்லை; லென்ஸ் கருவிழியின் முன்பக்கத்தைத் தட்டையாக்கிவிடுவதால் பகலில் பவர் மறைந்துவிடும், உள்ளே கண் நீண்டுகொண்டே இருந்தாலும் தெரியாது.

உடன் இருப்பதைக் காரணம் என்று எழுதுவது

இரண்டு வயதுக்கு முன் இரவு விளக்கு வெளிச்சத்தில் தூங்கிய குழந்தைகளுக்குப் பின்னாளில் கிட்டப்பார்வை கூடுதலாக இருந்தது என்று பிலடெல்பியா ஆய்வாளர்கள் 1999இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். உலகெங்கும் பெற்றோர் விளக்கை அணைத்தார்கள். மறு ஆண்டே அதே இதழில் வேறு இரண்டு குழுக்கள் அந்தத் தொடர்பு தங்கள் தரவில் இல்லை என்றும், கிட்டப்பார்வை உள்ள பெற்றோரே குழந்தையின் அறையில் அதிகமாக விளக்கு வைக்கிறார்கள் என்றும் காட்டின. விளக்கும் கிட்டப்பார்வையும் ஒரே வீட்டிலிருந்து வந்தவை. பெற்றோரின் கண்ணைப் பற்றிய கேள்வி இல்லாத வினாப்படிவத்தை நான் இப்போது திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

திறந்தவெளி வெளிச்சம் கிட்டப்பார்வை வருவதைக் குறைக்கிறது என்ற கருத்து நிலைத்ததற்குக் காரணம், அது கணக்கெடுப்போடு நின்றுவிடாமல் சோதனைக்கு உட்பட்டது. சீனாவின் குவாங்சோவில் பள்ளிகளைக் குலுக்கலில் பிரித்து, ஒரு பாதிக்கு நாளும் 40 நிமிடம் வெளிப்புற வகுப்பைச் சேர்த்தார்கள்; மூன்றாண்டு முடிவில் அப்பள்ளிகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம், மற்றவற்றில் 39.5 சதவீதம்.

இரண்டு கண்களை இரண்டு பிள்ளைகளாக எண்ணுவது

இருநூறு பிள்ளைகளை அளந்தால் மாதிரியின் அளவு நானூறு அல்ல.

கண்ணாடியின் பவரைக் குறைத்துக் கொடுத்தால் கிட்டப்பார்வை வளராது என்று நம்புவது

2002இல் வெளியான மலேசிய ஆய்வில், குறைத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கே கிட்டப்பார்வை வேகமாகக் கூடியது.

மருந்தின் கடைசிச் சொட்டோடு ஆய்வை முடிப்பது

‘ஆட்டம் 2’ ஆய்வில் இரண்டாண்டு சிகிச்சைக்குப் பின் மருந்தை நிறுத்தி ஓராண்டு கவனித்தார்கள். அந்த ஓராண்டில் 0.5 சதவீத மருந்து பெற்றவர்களுக்குச் சராசரியாக 0.87 டயாப்டரும், 0.01 சதவீதம் பெற்றவர்களுக்கு 0.28 டயாப்டரும் கூடின. வலிய மருந்து தடுத்துவைத்ததில் பெரும்பகுதி திரும்பி வந்துவிட்டது. இரண்டாண்டோடு முடித்திருந்தால் வலிய மருந்தே வென்றதாக எழுதியிருப்பார்கள். ஆகவே மருந்தை நிறுத்தியபின் வரும் ஓராண்டையும் அதற்கான செலவையும் திட்டத்தின் முதல் வரைவிலேயே கேட்டுவிட வேண்டும். நிதி தருபவர்கள் அதைப் பின்னால் சேர்க்க ஒருபோதும் சம்மதிப்பதில்லை.