பள்ளிக் குளம் தெளிந்த கதை

எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளித் தோட்டத்தில் பத்தடி நீளத்தில் ஒரு சிறு குளம் இருக்கிறது. சித்திரை வெயிலில் தண்ணீர் பாசிபிடித்துப் பச்சைக் குழம்பாகிவிட்டது. விடியற்காலையில் போய்ப் பார்த்தேன். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மனது கேட்கவில்லை. பாசியும் இரவில் மூச்சுவிடும். விடிவதற்குள் தண்ணீரிலுள்ள பிராணவாயு குறைந்துவிடும்.

மருந்து எதுவும் ஊற்ற வேண்டாம் என்று தடுத்தேன். கத்தரிப் பாத்தியின் எருத் தண்ணீர் குளத்துக்குள் வழிந்துகொண்டிருந்தது. அதுதான் பாசிக்குத் தீனி. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் களிமண் பிசைந்து ஒரு சாண் உயரத்துக்கு வரப்புக் கட்டினார்கள். மதியச் சோற்றை மீனுக்குப் போடுவதையும் நிறுத்தினோம். மூன்று நாளுக்கு ஒருமுறை கால்பங்கு தண்ணீரை இறைத்துக் கீரைக்குப் பாய்ச்சினோம். கீரை தளதளவென்று வந்தது!

கடைசியாக, இரண்டு தொட்டிகளில் அல்லி வைத்தோம். இலைகள் விரிந்து பாதிக் குளத்தை மூடியதும் வெயில் உள்ளே இறங்குவது குறைந்தது. ஐந்தாவது வாரம் ஒரு சிறுமி என் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினாள்: குளத்தின் அடியில் கிடந்த கூழாங்கல் தெரிந்தது.