உழவுக்கு எத்தனை பவுண்டு காற்று?

ரோட்டில் ட்ரெய்லர் இழுத்த அதே டயர் காற்றோடு டிராக்டரை வயலில் இறக்குவதுதான் எங்கள் கரிசல் பக்கம் வழக்கம். பங்க்சர் கடைக்காரர் டயரை ஒரு தட்டுத் தட்டி, "கல்லு மாதிரி இருக்குண்ணே, போங்க" என்பார். ரோட்டுக்குச் சரி, உழவுக்கு அது ஆகாது. டயர் விறைப்பாக இருந்தால் நடுவில் உள்ள பட்டன்தான், அதாவது டயரில் புடைத்திருக்கும் ரப்பர் கட்டைதான், மண்ணைப் பிடிக்கும். சக்கரம் சுற்றும், வண்டி அந்த அளவுக்கு நகராது. இதுதான் சறுக்கல். வீணாய்ச் சுற்றிய சுற்றுக்கும் டீசல் எரிந்திருக்கும்.

காற்றை இறக்கும் முன் சறுக்கலை அளந்துவிடுங்கள். ஒரு சாக்பீஸும் டேப்பும் போதும். பின் டயரின் பக்கச்சுவரில் ஒரு கோடு போட்டு, உழப்போகும் நிலத்திலேயே, கொத்துக் கலப்பையைத் தூக்கியபடி சக்கரம் 10 சுற்று சுற்றும்வரை ஓட்டுங்கள். கூடவே ஒருவர் நடந்து எண்ணட்டும். 13.6-28 அளவு டயர் என்றால் ஏறத்தாழ 40 மீட்டர் வரும். அப்புறம் கலப்பையை வழக்கமான ஆழத்துக்கு இறக்கி, அதே கியரில் அதே 10 சுற்று. இப்போது 32 மீட்டர்தான் வந்தது என்றால் 8 மீட்டர் போச்சு, அதாவது நூற்றுக்கு 20. 8 முதல் 15 வரை இருந்தால் பரவாயில்லை. 8-க்கும் கீழே என்றால் வண்டியில் எடை தேவைக்கு மேல் இருக்கிறது. அதைச் சுமக்கவும் டீசல்தான்.

டேப் இல்லாவிட்டால் தடத்தைக் குனிந்து பாருங்கள். பட்டன் அச்சு தெரிய வேண்டும், ஆனால் அச்சுக்கு நடுவே மண் கொஞ்சம் பெயர்ந்திருக்க வேண்டும். அச்சே அழிந்து மண் வழித்துவிட்டாற்போல் இருந்தால் சறுக்கல் அதிகம்.

என் 45 குதிரைத்திறன் வண்டியில் பின் டயருக்கு உழவில் 12 முதல் 14 பவுண்டு, ட்ரெய்லர் போட்டால் 18 முதல் 20 வைக்கிறேன். உங்கள் டயருக்கும் எடைக்கும் எவ்வளவு என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். அதற்குக் கீழே போகாதீர்கள். ரொம்ப இறக்கினால் பக்கச்சுவர் மடிந்து வெடிப்பு விடும். ரிம்மில் டயர் நழுவி, டியூப்பின் வால்வையே பிடுங்கிவிடும். இடதும் வலதும் ஒரே அளவு இருக்கட்டும்.

காலையில், வண்டி எடுக்கும் முன்பே பாருங்கள். டயர் சூடேறினால் மீட்டர் கூட்டித்தான் காட்டும். லாரிக்கு வைத்திருக்கும் மீட்டரில் 12-க்கும் 16-க்கும் வித்தியாசம் தெரியாது, குறைந்த அளவு காட்டும் மீட்டராக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எடைக்காக டயரில் தண்ணீர் ஏற்றியிருந்தால் வால்வு உச்சிக்கு வருகிற மாதிரி வண்டியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். இல்லையென்றால் தண்ணீர் பீச்சி மீட்டர் கெட்டுப்போகும்.

இதெல்லாம் கலப்பை இழுக்கும் வேலைக்குத்தான். ரொட்டாவேட்டரில் சுழலும் கத்தியே வண்டியை முன்னே தள்ளும், சறுக்கலும் குறைவு. அங்கே காற்றை இறக்கிப் பெரிய மிச்சம் கிடைக்காது. சேற்றுழவில் இரும்புச் சக்கரம் பூட்டிவிட்டால் இந்தக் கணக்கே வேறு.

எவ்வளவு மிச்சம் என்று பார்க்க, சமதளத்தில் வண்டியை நிறுத்தி டேங்கை விளிம்புவரை நிரப்புங்கள். ஒரு ஏக்கர் உழுதுவிட்டு, அதே இடத்தில் நிறுத்தி லிட்டர் படியால் அளந்து மறுபடி விளிம்புவரை ஊற்றுங்கள். காற்றை இறக்கியபின் பக்கத்து ஏக்கரில், அதே ஆழத்தில், அதே கியரில் ஒருமுறை. மழை பெய்து ஈரம் மாறிவிட்டால் ஒப்பிட முடியாது, ஆகையால் இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடுங்கள்.