குதிரையின் மண்ணீரல்: நாம் தவறாகப் படிக்கும் உறுப்பு

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் குதிரை வாங்குகிறவர்களைப் பாருங்கள். பல்லைப் பார்ப்பார்கள், குளம்பைத் தூக்கிப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நடக்கவிட்டும் பார்ப்பார்கள். வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்ற நினைப்பு அன்றைக்கு யாருக்கும் வராது. வீட்டுக்கு ஓட்டிவந்து, முதல் வயிற்றுவலி வந்து, ராத்திரி இரண்டு மணிக்குக் குதிரை தரையில் புரளும்போதுதான் வரும். அந்த நேரத்தில் நமக்குத் தெரிந்த உடம்பு இரண்டுதான்: நம்முடையது, மாட்டினுடையது. இரண்டையும் வைத்துக் குதிரையை அளந்தால் தப்பாகத்தான் போகும்.

எல்லாவற்றையும்விட அதிகமாக ஏமாற்றுவது மண்ணீரல். நம் மண்ணீரல் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், 150 முதல் 200 கிராம் இருக்கும். குதிரைக்கு அது இடது விலா எலும்புகளுக்கு உட்புறம், மேலே அகன்று கீழே குறுகி, அரிவாள் போல வளைந்து கிடக்கிறது. எடை கிலோ கணக்கில். அளவும் நிலையாக இருக்காது, மணிக்கு மணி மாறும். காரணம், அது ஒரு ரத்தக் கிடங்கு. குதிரை அமைதியாக நிற்கும்போது அதன் மொத்தச் சிவப்பணுக்களில் மூன்றில் ஒரு பங்கு வரை அங்கே சேர்ந்திருக்கும். பயந்தாலோ, ஓடினாலோ, வலித்தாலோ அட்ரினலின் சுரக்கும். மண்ணீரல் ஈரத்துணியைப் பிழிந்ததுபோல் சுருங்கி, இருப்பு முழுவதையும் ரத்த ஓட்டத்தில் இறக்கிவிடும். ரிப்போர்ட்டில் பி.சி.வி. என்று ஒரு எண் இருக்குமே, ரத்தத்தில் சிவப்பணு எத்தனை சதவீதம் என்று சொல்லுமே, அது ஓய்வில் 35, 40 என்று இருக்கும் குதிரைக்கு முழு ஓட்டத்தில் 60, 65 வரை போகும். பந்தயக் குதிரைக்கு அந்தக் கடைசி வேகம் கிடைப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. நானும் செய்தேன். என் பெட்டைக் குதிரை பத்து நாளாகச் சோர்ந்திருந்தது. கொள்ளு வைத்தால் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ரத்தம் எடுக்க ஆள் வந்தபோது நல்ல வெயில், லாயத்தில் ஒரே சத்தம். ஊசியைக் கண்டு மிரண்டதால் மூன்று பேர் பிடித்தோம், மேலுதட்டில் கயிறு போட்டு முறுக்கினோம். கண் வெள்ளை தெரிய நடுங்கிக்கொண்டு நின்றது. பி.சி.வி. 37 என்று வந்தது. ரத்தம் நன்றாக இருக்கிறது என்று நானே முடிவு செய்து, டானிக் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் கழித்து, கீழ் வயிற்றில் வீக்கம் தெரிந்த பிறகு, வேறொரு மருத்துவர் விடியற்காலையில் வந்தார். வந்ததும் ஊசியை எடுக்கவில்லை. பத்து நிமிஷம் கழுத்தைச் சொறிந்து கொடுத்துக்கொண்டே நின்றார். தலை தாழ்ந்து, கீழுதடு தொங்கியதும் அப்படியே எடுத்தார். 24. ஸ்லைடில் சர்ரா கிருமி, அதாவது கடிக்கும் ஈக்கள் பரப்பும் டிரிபனோசோமா. முதல் தடவை நான் படித்தது அதன் நோயை அல்ல, அதன் பயத்தை.

அதனால் ரத்தம் எடுக்கும்போது குதிரை எந்த நிலையில் இருந்தது என்பதைக் குப்பியிலேயே எழுதுங்கள். சவாரி முடிந்து வந்ததா, வண்டியில் ஏற்றி இறக்கியதா, மிரண்டதா? அப்படியானால் ஒன்றிரண்டு மணி நேரம் விட்டு எடுப்பது நல்லது. நேர்மாறான தவறும் உண்டு. அசிப்ரோமசின் போன்ற மயக்க ஊசி போட்டால் மண்ணீரல் தளர்ந்து, சிவப்பணுக்களை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்போது எடுத்த ரத்தத்தில் பி.சி.வி. இறங்கித் தெரியும், இல்லாத ரத்தசோகைக்கு மருந்து தொடங்கிவிடுவார்கள்.

உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடியது ரத்தப்போக்கு விஷயம். காயடித்த இடத்திலிருந்தோ, உதை வாங்கி உள்ளுக்குள்ளோ ரத்தம் போகிறது. ரிப்போர்ட்டில் எண் சாதாரணமாக இருக்கிறது. சரி, பயமில்லை என்று படுக்கப் போய்விடாதீர்கள். போன ரத்தத்தை ஈடுகட்ட மண்ணீரல் தன் கிடங்கைத் திறந்துவிட்டிருக்கும். உண்மையான சரிவு எண்ணில் தெரிய 12 முதல் 24 மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை எண்ணை விட்டுவிட்டுக் குதிரையைப் பாருங்கள். ஈறு வெளுக்கிறதா, காது சில்லிடுகிறதா, நாடி ஏறிக்கொண்டே போகிறதா? ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். ஓய்வில் நாடி 28 முதல் 44 வரை இருப்பது சாதாரணம். 60, 70 என்று ஏறினால் உடனே மருத்துவர் வேண்டும்.

மாடு வளர்த்துப் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. மாட்டுக்கு வயிறு உப்பினால் இடது விலாவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் குத்திக் காற்றை இறக்குவார்கள், ஏனென்றால் அசையூண் பை, அதாவது தின்ற புல் முதலில் போய்த் தங்கும் பெரிய வயிறு, அந்தப் பக்கம். குதிரைக்கு அசையூண் பையே கிடையாது. காற்று சேரும் பெரிய குருட்டுக்குடல் வலப்பக்கம் இருக்கிறது. மாட்டு ஞாபகத்தில் இடப்பக்கம் குத்தினால் ஊசி நேராக மண்ணீரலுக்குள் இறங்கலாம். வலப்பக்கம் குத்துவதும் மருத்துவர் மட்டுமே செய்ய வேண்டிய வேலை. வயிற்று நீரைப் பரிசோதனைக்கு எடுக்கும்போதுகூட நடுக்கோட்டிலிருந்து சற்று வலப்புறம் தள்ளி எடுப்பது இதனால்தான். அப்படியும் சில சமயம் மண்ணீரலில் பட்டுச் சிவப்பாக ரத்தம் வரும். உடனே வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்று பதற வேண்டாம். அந்த நீரின் பி.சி.வி.யையும் கழுத்து ரத்தத்தின் பி.சி.வி.யையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். வயிற்றில் எடுத்தது கழுத்து ரத்தத்தைவிடக் கெட்டியாக இருந்தால் ஊசி மண்ணீரலில் பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்று, மண்ணீரலுக்கும் இடது சிறுநீரகத்துக்கும் நடுவே இருக்கும் தசைநார். பெருங்குடலின் இடப்பகுதி காற்றடைத்து மேலே மிதந்து, அந்தத் தசைநாரின் மேல் கொடியில் போட்ட துணி மாதிரி மாட்டிக்கொள்ளும். இடப்பக்கம் ஸ்கேன் வைத்தால் வழக்கமாக மண்ணீரலும் அதன் பின்னால் சிறுநீரகமும் தெரியும். இப்போது சிறுநீரகம் தெரியாமல் வெறும் காற்றின் வெள்ளைக் கோடுதான் வரும். இதற்கு ஃபினைலெஃப்ரின் கொடுத்து மண்ணீரலைச் சுருக்கி, பிறகு கயிற்றில் வட்டமாக ஓட்டுவார்கள். பல குதிரைகளுக்குக் குடல் தானாக நழுவி இறங்கிவிடும். இதைக் கேள்விப்பட்ட சிலர் எந்த வயிற்றுவலி வந்தாலும் குதிரையை ஓட ஓட விரட்டுகிறார்கள், அது தவறு. குடல் முறுக்கிக்கொண்ட குதிரையை விரட்டினால் நேரமும் வீண், அதன் சக்தியும் வீண். அந்த மருந்தும் வயதான குதிரைகளுக்கு, முக்கியமாக 15 வயது தாண்டியவற்றுக்கு, உள் ரத்தக்கசிவு உண்டாக்கக்கூடும். அதனால் குதிரையின் வயதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சந்தையில் வாங்கிய குதிரையாக இருந்தால் விற்றவர் சொன்ன வயதை நம்பாமல் பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மற்ற உறுப்புகளுக்கு வருவோம். அவ்வளவு பெரிய உடம்புக்கு இரைப்பை 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். ஒரே வேளையில் தீவனத்தைக் கொட்டாமல் பிரித்துப் பிரித்துக் கொடுக்க வேண்டும். புல்லும் நாள் முழுக்க இருக்க வேண்டும், ஏனென்றால் அமிலம் நிற்காமல் சுரந்துகொண்டே இருக்கும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றுவலி என்றதும் மூங்கில் குழாயில் எண்ணெய் ஊற்றும் பழக்கத்தை நான் கையெடுத்துக் கும்பிட்டு விடச் சொல்கிறேன். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் வயிற்றுவலியைவிடப் பெரிய கேடு. நிரம்பிய இரைப்பைக்குள் மேலும் ஊற்றினால் அது கிழிந்தே போகலாம். மருத்துவர் முதலில் மூக்கு வழியாகக் குழாய் விட்டு உள்ளே இருப்பதை இறக்குவது அதற்காகத்தான்.

குதிரைக்குப் பித்தப்பை கிடையாது. பித்தம் கல்லீரலிலிருந்து நேராகக் குடலுக்கு வடிந்துகொண்டிருக்கும். இரண்டு நாள் தின்னாமல் இருந்தாலே ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி ஏறி, ஈறும் கண்ணும் மஞ்சளாகும். அதை உடனே மஞ்சள் காமாலை என்று சொல்லி கீழாநெல்லி அரைக்கத் தொடங்குவார்கள். முதலில் ஏன் தின்னவில்லை என்று பாருங்கள். சிறுநீர் கலங்கலாக, கொழகொழவென்று இருப்பதும் சீழ் அல்ல. அதில் சுண்ணாம்பு உப்பும் சளி போன்ற பொருளும் இயல்பாகவே இருக்கும். ஆனால் கடுமையாக ஓடிய பிறகு தொடை இறுகி, சிறுநீர் காபி நிறத்தில் வந்தால் சும்மா விடாதீர்கள். தசை சிதைந்து அதன் நிறமி சிறுநீரகத்துக்கு வருகிறது.

இதயத்தைக் காது வைத்துக் கேட்டால், ஓய்வில் இருக்கும் நல்ல குதிரைக்கே ஒரு துடிப்பு விட்டுப்போவது கேட்கும். நடக்கவிட்டதும் சீராகிவிட்டால் பெரும்பாலும் கவலை இல்லை. 1989-இல் இறந்த அமெரிக்கப் பந்தயக் குதிரை செக்ரட்டேரியட்டின் இதயம் 10 கிலோ என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். அதை யாரும் தராசில் வைக்கவில்லை, பரிசோதித்த மருத்துவரின் மதிப்பீடுதான் அது.

கடைசியாக ஒன்று. காப்பாற்ற முடியாத குதிரைக்கு பார்பிசுரேட் ஊசி போட்டு விடைகொடுத்த பிறகு, வயிற்றைத் திறந்தால் மண்ணீரல் கருஞ்சிவப்பாக, ரத்தம் நிரம்பி, பயமுறுத்தும் அளவுக்குப் பெருத்திருக்கும். பக்கத்தில் நிற்கும் உரிமையாளர், இவ்வளவு பெரிய வீக்கத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டேனே என்று அழுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெருக்கம் நோயால் வந்ததல்ல. ஊசி மருந்தில் மண்ணீரல் தளர்ந்து, கடைசி நிமிஷத்தில் ரத்தம் அங்கே வந்து சேர்ந்திருக்கிறது.