குதிரைக்கும் உங்களுக்கும் பொருந்தும் சேணத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சேணம் வாங்கக் கிளம்பும் முன்னால் குதிரையின் முதுகைக் கையால் தடவிப் பாருங்கள். நுவரெலியா ரேஸ் கோர்ஸில் ஓடும் தோரோபிரெட் குதிரைக்கு, கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் எலும்பு மேடு உயர்ந்து நிற்கும். உருண்டு கொழுத்த மட்டக்குதிரைக்கு அந்த மேடு இருப்பதே தெரியாது. ஒன்றுக்குப் பொருந்தும் சேணம் மற்றதன் முதுகைப் புண்ணாக்கிவிடும். அந்த மேட்டின் இருபுறமும் திட்டுத்திட்டாக வெள்ளை முடி முளைத்திருந்தால், பழைய சேணம் அங்கே பலகாலம் அழுத்தியிருக்கிறது என்று அர்த்தம்.

எந்த வகை வாங்குவது? புதிதாகப் பழகுபவருக்குப் பொதுப் பயன்பாட்டு ஆங்கிலச் சேணம் போதும். தாண்டுதலுக்கும், குதிரையை நுணுக்கமான அசைவுகளில் நடத்திக் காட்டும் டிரெஸாஜுக்கும் தனித்தனிச் சேணங்கள் உண்டு, அதெல்லாம் அப்புறம்.

முதல் சோதனை, சேணத்தின் உள்ளே மறைந்திருக்கும் சட்டம். கைமாறி வந்த சேணம் என்றால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். சேணத்தின் முன்பக்கம் உயர்ந்திருக்கும் முன்மேட்டை வயிற்றோடு அணைத்து, பின்பக்கம் உயர்ந்திருக்கும் பின்மேட்டை இரண்டு கையாலும் உங்கள் பக்கம் இழுங்கள். இருக்கை லேசாக வளைந்து கொடுக்கலாம். நடுவில் மடிந்தாலோ, முறுக்கிப் பார்க்கும்போது 'கிறீச்' என்று கேட்டாலோ சட்டம் உடைந்திருக்கலாம். அடுத்து முன்மேட்டிலிருந்து இருபுறமும் கீழே இறங்கும் இரு கால்களையும் பிடித்து நெருக்கியும் விரித்தும் பாருங்கள். துளியும் அசையக் கூடாது. சந்தேகம் வந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சட்டம் உடைந்த சேணம் ஏறுபவரின் மொத்தப் பாரத்தையும் குதிரையின் முதுகில் ஒரே இடத்தில் இறக்கும்.

பிறகு தோல். வயிற்று வாரை மாட்டும் பட்டைகளை மடித்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தாலோ, துளைகள் நீண்டு கிழியத் தொடங்கியிருந்தாலோ ஏறவே வேண்டாம். நல்ல தோல் வேலைக்காரர் பட்டைகளை மாற்றித் தருவார். அடிப்பக்கத்து மெத்தைகளை உள்ளங்கையால் அழுத்துங்கள், கட்டி கட்டியாக இருந்தால் உள்ளே கம்பளி திரண்டிருக்கிறது. அதையும் எடுத்து நிரப்பலாம்.

இனிக் குதிரை மேல் வைத்துப் பார்க்க வேண்டும். விற்பவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் வாங்காதீர்கள். சரிவில் நிறுத்தினால் அளவு பொய்யாகிவிடும், ஆகவே சமதரையைத் தேடிப் பிடியுங்கள். துணி எதுவும் போடாமல், சேணத்தைச் சற்று முன்னால் வைத்துப் பின்னோக்கி நகர்த்துங்கள். தானாக நிற்கும் இடம்தான் அதன் இடம். அங்கே தோள்பட்டை எலும்பு சேணத்துக்கு அடியில் சிக்காமல் இருக்க வேண்டும். சேணத்தின் பின்முனை கடைசி விலா எலும்பைத் தாண்டக் கூடாது, அதற்குப் பின்னால் பாரம் தாங்க விலா இல்லை. எலும்பு மேட்டுக்கும் முன்மேட்டுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நீங்கள் ஏறி உட்கார்ந்த பிறகும் இடைவெளி மிஞ்ச வேண்டும். பின்னாலிருந்து குனிந்து பார்த்தால் முதுகெலும்பின் மேலாக வெளிச்சம் முழு நீளத்துக்கும் தெரியும்.

இப்போது கையை மெத்தைக்கு அடியில் விட்டு, முன்னிருந்து பின்வரை மெல்ல நகர்த்துங்கள். எங்கும் ஒரே அழுத்தம் தெரிய வேண்டும். முன்னும் பின்னும் இறுகி நடுவில் கை தாராளமாகப் போனால், பாரம் முழுவதும் நான்கு மூலையில்தான் இறங்குகிறது. தடித்த துணி போட்டால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். நம்பாதீர்கள்! இறுக்கமான சேணத்துக்கு அடியில் தடித்த துணி போட்டால் இன்னும் இறுகத்தான் செய்யும்.

உங்கள் அளவுக்கு வருவோம். இருக்கையின் நீளத்தை, முன்மேட்டின் பக்கத்திலுள்ள ஆணித் தலையிலிருந்து பின்மேட்டின் நடுப்பகுதி வரை அளப்பார்கள். பெரியவர்கள் பலருக்கு 17 அங்குலம் அல்லது 17½ பொருந்தும். உட்கார்ந்ததும் உங்களுக்குப் பின்னால் உள்ளங்கை அகலம் இடம் இருக்க வேண்டும். முழங்கால், சேணத்தின் பக்கவாட்டில் தொங்கும் தோல் மடலுக்கு வெளியே நீட்டக் கூடாது. கால் நுழைக்கும் அங்கவடி உங்கள் பூட்ஸை விட 1 அங்குலம் அகலமாக இருக்கட்டும், விழுந்தால் கால் சிக்கிக்கொள்ளாது.

சற்று நேரம் சவாரி செய்து இறங்கியதும் முதுகின் வியர்வையைப் பாருங்கள். இரு பக்கமும் ஒரே மாதிரி நனைந்திருந்தால் நல்லது. நனைந்த பகுதிக்கு நடுவே காய்ந்த திட்டு இருந்தால் சேணம் அங்கே அதிகமாக அழுத்துகிறது, இல்லாவிட்டால் தொடவே இல்லை.

குதிரை மெலிந்தாலும் கொழுத்தாலும் பொருத்தம் மாறும், ஆகவே இதையெல்லாம் அவ்வப்போது திரும்பப் பாருங்கள். நம் மலையக மழைக்கும் மூடுபனிக்கும் தோலில் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும். நனைந்த சேணத்தை அடுப்புப் பக்கம் வைத்துக் காயவைத்தால் தோல் வெடித்துவிடும். துடைத்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.